நுங்கம்பாக்கத்தில் பிறக்கும் விடுமுறை

சென்னையின் மழை விடுமுறை பிறக்கும் இடம் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலை. 1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் கட்டிய வளாகத்தில்தான் இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது. பழைய ஆய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. மழைமானியின் புனல் வழியே இறங்கிச் சேர்ந்திருக்கும் நீரைத் தினமும் காலை 8.30 மணிக்கு எடுத்து, அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து, நீர்மட்டம் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று படிக்கிறார்கள். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கும் மேலே போனால் அதி கனமழை. வரப்போகும் மழை இதில் எந்தப் படிக்கு ஏறும் என்பதைக் கணித்துத்தான் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் வெளிவருகின்றன.

இந்த மையத்தின் அறிவிப்புகளைத் தொலைக்காட்சியில் படித்துக்கொண்டிருந்த எஸ்.ஆர்.ரமணன் 2016-ல் ஓய்வு பெற்றபோது, சென்னைப் பிள்ளைகள் சொந்த மாமாவை வழியனுப்புவதுபோல் வழியனுப்பினார்கள். உண்மையில் அவர் விடுமுறை விட்டதே இல்லை. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும்தான் சொன்னார். விடுமுறை விடுகிற அதிகாரம் வேறொருவரிடம் இருக்கிறது.

அவர் மாவட்ட ஆட்சியர். நுங்கம்பாக்கத்தின் எச்சரிக்கை அவர் மேசைக்குப் போகிறது. தெருக்களில் தண்ணீர் நிற்கிறதா, சுரங்கப்பாதைகள் மூழ்கியிருக்கின்றனவா என்ற தகவல்களும் வந்து சேர்கின்றன. பிறகு ஒரே வரியில் முடிவு வெளியாகிறது: சென்னை மாவட்டத்தில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை. சில நாள் கல்லூரிகளும் சேர்ந்துகொள்ளும். இந்த ஆணைக்கு மாவட்ட எல்லை உண்டு. அடையாறில் படிக்கும் பிள்ளைக்கு விடுமுறை என்பதால், செங்கல்பட்டு மாவட்டத்துச் சிறுசேரியில் வேலை பார்க்கும் அதன் தாயின் அலுவலகத்துக்கு எதுவும் மாறிவிடாது.

ராஜாஜி சாலையில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தின் பெயர் சிங்காரவேலர் மாளிகை. 1923 மே 1 அன்று இந்தியாவின் முதல் மே தினத்தை இந்த ஊர்க் கடற்கரையில் கொண்டாடியவர் சிங்காரவேலர். உழைக்கிறவனுக்கு ஓய்வும் கூலியும் சேர்ந்தே கிடைக்க வேண்டும் என்ற கோரிக்கையை மெரினா மணலில் நின்று எழுப்பிய மனிதரின் பெயர் தாங்கிய கட்டடத்திலிருந்து வரும் விடுமுறை ஆணையில், கூலி என்ற பேச்சு இதுவரை இடம்பெற்றதில்லை. ஆணை மாணவர்களைப் பற்றியது. அந்த மாணவர்களை அன்று யார் பார்த்துக்கொள்வார்கள், அப்படிப் பார்த்துக்கொள்பவரின் சம்பளம் என்னவாகும் என்று அது கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் நேரம் வந்துவிட்டது என்பதால்தான், இந்த ஒரு வரி ஊருக்குள் எங்கெல்லாம் போகிறது என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அது தொலைக்காட்சியின் கீழ்ப்பட்டியில் ஓடுகிறது. அடுத்த நிமிடம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் விழுகிறது. முந்தின நாள் மாலையே வந்தால் பெற்றோருக்கு ஓர் இரவு அவகாசம் கிடைக்கும். யாரையாவது கூப்பிடலாம், மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். காலை ஆறரைக்கு வந்தால் அதற்கெல்லாம் நேரமில்லை. மந்தைவெளி அடுக்ககம் ஒன்றில் அந்த நேரம் இட்லி வெந்து இறங்கியிருக்கும், டப்பாவில் எலுமிச்சை சாதம் ஆறிக்கொண்டிருக்கும், சீருடை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் தொங்கும். பிள்ளை போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும். கணவனும் மனைவியும் அடுப்படி வாசலில் நின்று கணக்குப் பார்ப்பார்கள். யாருக்கு எத்தனை சி.எல். மிச்சம்? யாருக்கு இன்று மீட்டிங்? போன தடவை யார் போட்டது? அநேக வீடுகளில் கணக்கு முடியும்போது லீவு போடுவது அம்மாவாகத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கில் பருவநிலையும் குறுக்கே வருகிறது. சென்னைக்கு மழை கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்று வீசுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, அதாவது சி.எல்., ஜனவரியில் புதிதாகக் கணக்கில் ஏறும். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமனாருக்குக் கண் அறுவை, ஊரில் கல்யாணம், பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்று தீபாவளிக்குள் அது கரைந்துவிடும். கையில் விடுப்பே இல்லாத நேரம் பார்த்துத்தான் பள்ளிகள் மூடும் காலம் வருகிறது. 2015 நவம்பர், டிசம்பரில் சென்னைப் பள்ளிகள் வாரக்கணக்கில் திறக்கவில்லை. அரையாண்டுத் தேர்வே ஜனவரிக்குத் தள்ளிப்போனது. அப்படி ஓர் ஆண்டில் 12 நாள் எந்த மூலைக்கு?

ஆணை அடுத்ததாக அலுவலகங்களின் வாசலுக்கு வருகிறது. ஒரே ஆணைதான், ஆனால் ஒவ்வொரு வாசலிலும் வெவ்வேறு பதில்.

பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் மத்திய அரசு அலுவலகங்கள் இருக்கின்றன. அங்கே வேலை பார்க்கும் தாய்க்கு, இந்த நாட்டில் இருப்பதிலேயே தாராளமான விடுப்பு ஒன்று உண்டு. ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி 2008 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த குழந்தைப் பராமரிப்பு விடுப்பு அது. பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். முதல் இரண்டு பிள்ளைகளுக்கு, 18 வயது ஆகும்வரை எடுக்கலாம். 2018-ல் மனைவி துணையில்லாமல் பிள்ளை வளர்க்கும் தந்தைக்கும் இது நீண்டது. அப்போதே முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365 நாளுக்கு 80 சதவீதம் என்றும் மாற்றினார்கள். பொதுத்தேர்வு நேரத்தில் பிள்ளையோடு உட்கார இந்த விடுப்பு எத்தனையோ தாய்மார்களுக்கு உதவியிருக்கிறது. 2024 ஏப்ரலில், ஹிமாசலப் பிரதேசத்தில் மாற்றுத்திறனாளி மகனை வளர்க்கும் உதவிப் பேராசிரியர் ஒருவர் தொடுத்த வழக்கில், பெண்கள் வேலையில் பங்கெடுப்பது சலுகை அல்ல, அரசியல் சாசனம் கேட்பது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த விடுப்பை முன்வைத்துத்தான். ஆனாலும் மழை நாளுக்கு இது பொருந்தாது. ஒரு தடவைக்கு ஐந்து நாளுக்குக் குறைந்து பொதுவாகத் தர மாட்டார்கள். ஓர் ஆண்டில் பொதுவாக மூன்று தடவைதான். செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு வரும் ஒற்றை நாள் விடுமுறைக்கு 730 நாள் விடுப்பிலிருந்து ஒரு நாளை உருவ முடியாது.

தரமணி டைடல் பார்க்கிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் இருக்கும் ஐ.டி. நிறுவனங்களின் வாசலில் ஆணைக்கு வேறு பதில். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலுக்காகச் சென்னைக்கும் சுற்று மாவட்டங்களுக்கும் பொது விடுமுறை விட்ட அரசு, தனியார் நிறுவனங்கள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதிக்கும்படி கேட்டுக்கொண்டது. 2024 அக்டோபரில் சிவப்பு எச்சரிக்கை வந்தபோதும் ஐ.டி. நிறுவனங்களுக்கு அதே வேண்டுகோள் போனது. இந்த வேண்டுகோள் நல்லதுதான், சாலையில் உயிர்களைக் காக்கும். ஆனால் வீட்டிலிருந்து வேலை என்பதும் வேலைதான், விடுப்பு ஆகாது. ஏழு வயதுப் பிள்ளை பக்கத்தில் இருக்க எட்டு மணி நேரம் அழைப்புகளில் உட்காரும் தாய் அன்று இரண்டு வேலை பார்க்கிறாள், ஒன்றுக்குத்தான் சம்பளம் வாங்குகிறாள். மிக்ஜாமின்போது வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நாட்கணக்கில் மின்சாரமும் இல்லை, இணையமும் இல்லை. வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே அங்கே நின்றுபோனது.

பெரிய நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டுமே என்று கேட்கலாம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்று மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தம் சொன்னது. பிறகு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் காப்பக விதியை வைத்துக்கொண்டது, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று. ஒன்றாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைக்கு அங்கே இடமில்லை. பச்சைக் குழந்தையின் தாயைத் தேடி வந்த சட்டம், அந்தக் குழந்தை புத்தகப் பையைத் தூக்கியதும் திரும்பிப் போய்விடுகிறது. மகப்பேறு விடுப்புக்கு இந்த மண்ணில் நீண்ட வரலாறு உண்டு. சென்னை மாகாணம் 1934-லேயே அதற்குச் சட்டம் போட்டது. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021-ல் அது 12 மாதமாக உயர்ந்தது. பள்ளிப் பருவத்துக்குத்தான் அப்படி ஒரு வரலாறு இன்னும் தொடங்கவில்லை.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில், ஜவுளிக்கடை ஷட்டர் தூக்கும் நேரத்துக்கு ஆணை வந்து சேர்கிறது. மழை கொட்டினாலும் தீபாவளி, பொங்கல் பருவத்தில் கடை திறந்துதான் இருக்கும். இங்கே வேலை பார்ப்பவர்களுக்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் வந்தது. ஓராண்டு வேலை பார்த்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை. அதுபோக நோய்க்கு 12 நாள், நியாயமான எந்தக் காரணத்துக்கும் தற்செயல் விடுப்பாக 12 நாள், எல்லாம் சம்பளத்துடன். பள்ளி மூடியிருப்பதைவிட நியாயமான காரணம் ஒரு தாய்க்கு வேறென்ன இருக்க முடியும்? ஆனால் சட்டப் புத்தகத்தில் இருக்கும் நாள் பல கடைகளின் வருகைப் பதிவேட்டில் இருப்பதில்லை. வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்பது பழக்கமாகவே ஆகிவிட்டது. விற்பனைப் பெண்கள் வேலை நேரத்தில் உட்கார நாற்காலி தர வேண்டும் என்பதற்கே 2021-ல் தனியாகச் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. உட்காரும் உரிமைக்கே 74 ஆண்டு ஆயிற்று என்றால், பிள்ளைக்காக வீட்டில் இருக்கும் உரிமையை இவர்கள் கேட்காமல் இருப்பதில் வியப்பில்லை.

ஆணையின் கடைசி நிறுத்தம்தான் எனக்கு மிகவும் உறைக்கிறது. மந்தைவெளி அம்மா கடைசியில் லீவு போடாமலே சமாளித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். எப்படி? வீட்டு வேலைக்கு வரும் பெண்ணைக் கூடுதலாக நாலு மணி நேரம் இருக்கச் சொன்னாள். அந்தப் பெண் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்திலிருந்து நடந்து வருகிறவளாக இருக்கலாம். அல்லது ஆற்றங்கரை வீடு இடிக்கப்பட்டுப் பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ அனுப்பப்பட்டு, வேலை செய்துவந்த பழைய வீடுகளை விட மனமில்லாமல் மாநகரப் பேருந்து பிடித்து மயிலாப்பூர் வந்து போகிறவளாக இருக்கலாம். அவள் பிள்ளை படிப்பது மாநகராட்சிப் பள்ளியில். அதற்கும் அன்று விடுமுறைதான்.

"அக்கா, பசங்களுக்கு இன்னிக்கு ஸ்கூல் லீவு. சின்னவள கூட்டிட்டு வரட்டுமா? ஒரு ஓரமா உக்காந்துக்குவா" என்று போனில் கேட்பாள். சில வீடுகளில் சரி என்பார்கள். சில வீடுகளில் தயங்குவார்கள். தயக்கம் புரிந்ததும் அடுத்த பேச்சு வரும்: "அப்ப நான் நாளைக்கு சேத்து செஞ்சுடறேன்க்கா. சம்பளத்துல புடிச்சுடாதீங்க." மூன்று வீடு செய்கிறவள் இதையே மூன்று முறை சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007-ல் அமைந்தது. பதிவு செய்தவருக்குப் பிள்ளைகளின் கல்விக்கு உதவித்தொகை, திருமண உதவி என்று சில கிடைக்கின்றன. சம்பளத்துடன் ஒரு நாள் விடுப்பு என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கடைச் சட்டமும் அவளைத் தொடாது, ஏனென்றால் வீடு கடையல்ல. வீட்டுப் பணியாளர்களுக்கான 2011-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையையும், குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்கான 1981-ஆம் ஆண்டின் உடன்படிக்கையையும் இந்தியா இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

அவளுக்கு இழப்பு கூலியோடு நிற்பதுமில்லை. 1920-ல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவு தரும் திட்டத்தைச் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். தி.நகர் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவும், 2022-ல் காலை உணவும் அந்த வழியில் வந்தவை. பள்ளி மூடும் நாளில் இரண்டு வேளைச் சாப்பாடும் வீட்டுப் பொறுப்புக்குத் திரும்புகிறது. வருமானம் குறைகிற அதே நாளில் அடுப்புச் செலவு கூடுகிறது.

ஆணையின் பயணம் ஒரு சனிக்கிழமையில் முடிகிறது. மழை விட்டு வெயில் வந்ததும் கல்வித் துறை நாட்காட்டியை எடுத்து, இழந்த வேலை நாளுக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைக்கச் சொல்கிறது. பாடவேளை ஒன்றும் நட்டமாகிவிடக் கூடாது என்ற அக்கறை அது, சரியான அக்கறை. ஆனால் பாருங்கள், பிள்ளையின் நாள் திரும்பி வந்துவிட்டது. தாய் செலவழித்த சி.எல். திரும்பி வராது. கடைப் பெண்ணுக்குப் பிடித்த சம்பளம் திரும்பி வராது. மூடிய நாளுக்கு ஈடு உண்டு என்ற கொள்கையை அரசு ஏற்றிருக்கிறது, பெற்றோர் விஷயத்தில் மட்டும் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.

நடைமுறைக்குக் கொண்டுவர முடியுமா என்பதற்கு உலகமே ஒருமுறை விடை சொன்னது. 2020-ல் கொரோனா பள்ளிகளை மூடியபோது, ஜப்பானில் பிள்ளைக்காக வீட்டில் இருக்கும் ஊழியருக்குச் சம்பளத்துடன் விடுப்புத் தரும் முதலாளிக்கு, தொடக்கத்தில் ஒருவருக்கு நாளைக்கு 8,330 யென் வரை அரசே ஈடு கொடுத்தது. இத்தாலி 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்குப் பாதிச் சம்பளத்தில் 15 நாள் கொடுத்தது. அத்தகைய விடுப்புக்கு நாடு தழுவிய சட்டமே இல்லாத அமெரிக்காகூட, பள்ளி மூடியதால் வேலைக்குப் போக முடியாத பெற்றோருக்குப் பத்து வாரம் வரை மூன்றில் இரண்டு பங்கு ஊதியம் தரும் சட்டத்தை 2020 மார்ச் 18 அன்று நிறைவேற்றியது. 500 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கான அந்தச் சட்டத்தில், முதலாளிக்கு ஆன செலவை அரசு வரியில் கழித்துக்கொடுத்தது. இந்தியாவில் 2020 மார்ச் 29 அன்று, ஊரடங்கு நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று மத்திய உள்துறை ஆணை போட்டது. மே மாதமே அதை விலக்கிக்கொண்டது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். கடைகளும் அலுவலகங்களும் அதற்கு வெகு முன்பே திறந்துவிட்டன. நடுவில் இருந்த அத்தனை மாதத்தையும் பாட்டிகளும், பக்கத்து வீட்டுக்காரர்களும், வேலையை விட்ட தாய்மார்களும் தாங்கினார்கள்.

பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஒரு நாளைச் சம்பளத்தோடு விடும் வழி நம் கையிலேயே இருக்கிறது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவின்படி வாக்குப்பதிவு நாளில் எந்தத் தொழிலாளிக்கும் சம்பளம் பிடிக்கக் கூடாது. வேலை செய்யாத நாளுக்குக் கூலியே கிடையாது என்ற ஏற்பாட்டில் இருப்பவருக்கும் அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மே 1-ஐயும் மூன்று தேசிய நாட்களையும் ஐந்து பண்டிகை நாட்களையும் சம்பளத்துடன் தரச் சொல்லித் தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டமே உண்டு. ஓட்டுப் போடவும் கொடி ஏற்றவும் ஒரு நாள் கூலியை உறுதிசெய்ய முடிந்த நாட்டில், பிள்ளையைத் தனியே விடாமல் இருக்க ஒரு நாள் கூலியை உறுதிசெய்ய முடியாதா?

செலவை யார் ஏற்பது என்பதற்கும் வழி இருக்கிறது. அலுவலகங்களிலும் ஐ.டி. நிறுவனங்களிலும் முதலாளியே ஏற்கலாம். தற்செயல் விடுப்பைத் தொடாமல், ஆண்டுக்கு ஐந்தாறு பராமரிப்பு நாட்களைத் தாய் தந்தை இருவரில் யாரும் எடுக்கும்படி தனியாக வைக்கலாம். அப்பாவும் எடுத்தால்தான் அம்மாவின் பதவி உயர்வு மழையில் நனையாமல் இருக்கும். மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் கடை ஊழியருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இருக்கிறது. சொந்த நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் தரும் அந்த நிதி, பள்ளி மூடிய சில நாட்களுக்கும் அதே விகிதத்தில் தரலாம். வீட்டுப் பணியாளருக்கு நல வாரியம் இருக்கிறது, பதிவும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. ஆணை வெளியான நாளுக்கான கூலியை நேரே கணக்கில் போடுவது, புயல் நிவாரணம் பலமுறை கொடுத்துப் பழகிய நிர்வாகத்துக்குப் பெரிய வேலையல்ல. எந்த நாள், எந்த மாவட்டம் என்பதற்கு ஆட்சியரின் ஆணையே சான்று. யாரும் பொய் மருத்துவச் சான்றிதழ் தேட வேண்டாம், யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டாம்.

பிள்ளைகளை மழையிலிருந்து காப்பது அரசின் கடமை என்று சென்னை ஒப்புக்கொண்டு வெகு காலமாயிற்று. அந்தக் கடமையின் செலவு இன்று அடுப்படி வாசலில் கணக்குப் பார்க்கும் பெற்றோர் மீதும், போனில் சம்பளம் பிடிக்காதே என்று கேட்கும் பெண் மீதும் மட்டுமே விழுகிறது. பள்ளிகளுக்கு விடுமுறை என்று சொல்லும் ஆணையிலேயே, 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோரில் ஒருவருக்கு அன்று சம்பளத்துடன் விடுப்பு என்ற வரியும் இடம்பெற வேண்டும். சட்டமன்றம் கூடும்போது ஒவ்வொரு தொகுதியின் உறுப்பினரிடமும் நாம் கேட்க வேண்டியது இதைத்தான். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இதை வாங்கியாக வேண்டும்.